கொல்லர் கழற்றிய டியூப் லைட்

துபாய்க்கு வெளியே ஒரு குதிரைப் பண்ணையில் எனக்கு எலக்ட்ரீஷியன் வேலை. அங்கே லாடம் அடிக்கும் பட்டறையில் மட்டும், நான் மாட்டும் டியூப் லைட் இரண்டொரு நாளில் காணாமல் போகும். "வெளிய கொண்டுபோயி விக்கியாலே?" என்று எங்கள் ஊர்க்கார சூப்பர்வைசரே கேட்டுவிட்டார். எனக்கோ அயர்லாந்துக்காரரான அந்தக் கொல்லர் மேல்தான் சந்தேகம். பட்டப்பகலில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே அப்படி என்னதான் செய்கிறார்?

ஒருநாள் குனிந்து நுழைந்தேன். உலை வெளிச்சத்தில் நரைத்த தாடியும் தோல் ஏப்ரனும் மட்டும் தெரிந்தன. மூலையில், சாக்கில் சுற்றி, என் டியூப் லைட்டுகள் அத்தனையும் இருந்தன.

"ஏன் சார் கழட்டுறீங்க?" என்றேன்.

இடுக்கியில் பழுத்த இரும்பைத் தூக்கிக் காட்டினார். "லைட் மாஃபி, பாய், லைட்டே வேண்டாம். வெளிச்சத்துல இதோட நெறம் தெரியாது. நெறம் பாத்துத்தான் அடிக்கணும்" என்றார், குதிரைக்காரர்களிடம் கற்ற, அரபி கலந்த இந்தியில். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அது சரி, கழட்டக் கழட்ட மாட்டிட்டுப் போறியே, என்னை வேவு பாக்க அனுப்புறது யாரு?"

நான் அவரைச் சந்தேகப்பட்டதுபோல அவரும் என்னை!

அதன்பின் அங்கே லைட் மாட்டவில்லை. ஒருமுறை பண்ணை வாசலில், வெயிலில், நரைத்த தாடி வெள்ளைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பட்டறை இருட்டில் கொல்லரின் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை; அவர்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.