வேலுவுக்காக விட்ட இடம்

போன ஞாயிறு மண்டபத்தூரில் ஒரு கல்யாணம். தாலி கட்டியாயிற்று, சாப்பாடும் ஆயிற்று, பாட்டுக் கச்சேரிதான் பாக்கி. எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே... பந்தலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

அன்று நான் அப்படி நடை போட்டதற்கு வேறு காரணமும் உண்டு. பாட வேண்டியவர் கலியமூர்த்தி. பாட்டை எழுதுவதும் அவரே, மெட்டுப் போடுவதும் அவரே. அவர் ஓர் அடி பாட, தம்பி வேலு அடுத்ததைப் பிடித்துக்கொள்வான். ஐப்பசிப் புயலில் கடலுக்குப் போன வேலு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு கலியமூர்த்தி ஆர்மோனியப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

பெண்ணின் தகப்பனார் அவருக்குக் கூட்டாளி. அவர் அழைத்ததை மறுக்க முடியாமல் வந்துவிட்டார் — தம்பியைப் பற்றிய புதுப் பாட்டோடு! கல்யாண வீட்டில் அழுகைப் பாட்டா? தகப்பனார் முகத்தில் ஈயாடவில்லை. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியதிலிருந்து மைக் செட் இல்லாத கல்யாணமே கிடையாது. அந்த மைக் செட்காரரிடம் போய், ஏடாகூடமானால் சத்தத்தைக் குறைத்துவிடும்படி காதோடு சொல்லிவைத்தார்.

கலியமூர்த்தியோ மேடைக்குப் பின்னால் துண்டை உதறுவதும் மடிப்பதுமாக என்னைவிட மோசமாக இருந்தார்.

"வல இழுக்குற மெட்டுதாங்க," என்றார். "வேலு பாடுற எடத்த மட்டும் சும்மா விட்டிருக்கேன். அது அவன் எடம். அத தாண்டிட்டேன்னா பொழச்சேன். இல்லன்னா இனிமே இந்தப் பொட்டியத் தொட மாட்டேன்."

மேடை ஏறினார். முதல் அடி வந்தது.

"தண்ணியோட போன தம்பி, தாகமுன்னா என்ன செய்வே..."

நிறுத்தினார். ஆர்மோனியமும் நின்றது. வேலுவின் இடம்.

பந்தலில் இருந்தவர்கள் யார்? எல்லாரும் கரையில் நின்று கயிறு பிடித்துக் கரைவலை இழுக்கிறவர்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுத்தால் மற்றவர்கள் 'ஏலேலோ' போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் கயிறு தளர்ந்துவிடும். அப்படிப் பழகியவர்கள் சும்மா இருப்பார்களா? வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர்கள் உட்பட அத்தனை பேரும் ஒரே குரலில் — "ஏலேலோ..."

கெடுத்தார்களே! மனிதர் தம்பிக்கென்று பொத்திப் பொத்தி வைத்த இடமாயிற்றே!

கலியமூர்த்தி வேண்டாம் என்று கையைத் தூக்கினார். வினையே அங்குதான். வலை இழுக்கும்போது அடி கொடுப்பவர் கையைத் தூக்கினால் 'இன்னும் பலமாக' என்று அர்த்தம். பந்தலே அதிரும்படி மறுபடியும் ஏலேலோ!

தூக்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கி ஆர்மோனியத்தில் விழுந்தது. அடுத்த அடியில் அவர் குரல் உடைந்தது. அவர்கள் விடவில்லை, இழுத்தார்கள். கண்ணில் நீர் வழிய வழியக் கடைசி அடிவரை பாடினார். மைக் செட்காரர் குறைக்கலாமா என்று தகப்பனாரைப் பார்த்தார். தகப்பனாரோ கண்ணை மூடிக்கொண்டு ஏலேலோ போட்டுக்கொண்டிருந்தார்.

துக்க வீட்டுக்கு நாம் யாரையும் அழைப்பதில்லை, இல்லையா? ஆனாலும் வந்துவிடுகிறார்கள். கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள், அழவிடுகிறார்கள், காப்பி போட்டுத் தருகிறார்கள். கொஞ்சம் தனியாக விடுங்களேன் என்று எரிச்சல்கூட வருகிறது. அவர்கள் வராமலிருந்தால்? எனக்கு யோசிக்கவே பிடிக்கவில்லை.

கச்சேரி முடிந்ததும் கலியமூர்த்தியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், பாட்டைக் கெடுத்துவிட்டார்களே என்று.

"கெடுத்துட்டாங்கதான்," என்றார். துண்டு மறுபடியும் கையில் படாத பாடு பட்டது. "எனக்கு இப்ப வேற கவலைங்க. வர்ற வெள்ளிக்கெழம சுரக்குடியில கல்யாணம். அங்க எல்லாரும் வயக்காட்டு ஆளுங்க. நான் நிறுத்துனா அவங்களும் சும்மா இருந்துட்டாங்கன்னா?"

சுரக்குடிப் பக்கத்து வாசகர்களே, வெள்ளிக்கிழமை தவறாமல் வந்துவிடுங்கள்... ஒரே ஒரு வார்த்தைதான் பாட வேண்டியிருக்கும்!