ஃப்ரிட்ஜில் இருந்த கடல் சேறு

அத்தையைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து அந்தக் குழாய் வெளியே வந்தது. அத்தை அப்பாவின் தங்கை. கடலோரத்தில் தங்கி அலையாத்திக் காடுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அப்பா திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு போடுபவர். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று அவர் அவசரமாக அழைத்ததும், கடல் சேற்றில் இறக்கி எடுத்த கையோடு, சேறு அடைத்து இருபுறமும் மூடிய முழ நீளக் குழாயுடன் பஸ் ஏறி வந்து, அதை ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

உள்ளே இருப்பது புகை என்றுதான் நான் புரிந்துகொண்டேன். காற்றில் உள்ள கரியை மரம் இழுத்துக்கொள்கிறது, உதிர்ந்த இலையும் வேரும் உப்புச் சேற்றில் புதைந்து மட்காமல் கிடப்பதால் கரியும் அங்கேயே தங்கிவிடுகிறது என்று அத்தை சொல்லியிருந்தாள். எங்கள் ரிக் வண்டியின் புகையும் இதற்குள் இருக்குமோ என்று குழாயில் காதை வைத்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை.

பலகாரத் தட்டுக்கு இடம் வேண்டி அம்மா குழாயை வெளியே எடுத்துத் திறந்தாள். அழுகிய முட்டை நாற்றம் வீடெங்கும் பரவியது. நல்ல உரமாகும் என்று வாழையடியில் கொட்டிவிட்டாள். பட்டுச்சேலையோடு ஓடிவந்த அத்தை, சேற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

அம்மா பதறிப்போனாள். "மண்ணுதானே சாமி? நம்ம தோட்டங்காட்டுல இல்லாத மண்ணா?"

"அடுக்கடுக்கா இருந்துச்சுங்க அண்ணி. நம்ம பாட்டன் பொறக்கறதுக்கு முந்தி உழுந்த எலை அடியில கெடந்துச்சு. கலைஞ்சுபோனா எந்த ஆழத்துல எத்தன கரின்னு அளக்க முடியாதுங்க."

அப்பா குனிந்து சேற்றை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து காபி குடித்தார்கள். பெண்ணைப் பிடித்துவிட்டது என்றார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இந்தச் சேற்று வேலையெல்லாம் எதற்கு என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார். அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"புள்ளைக்குப் படிப்பு இன்னும் முடியலீங்க. நீங்க வேற எடம் பாத்துக்குங்க."

அவர்கள் எழுந்து போனதும் அப்பா காரை எடுத்தார். "கடலுக்குப் போயிட்டு வாரோம்," என்றார், பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போவதுபோல. முன் சீட்டில் காலிக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு அத்தை சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மண் போனதற்கு அப்படி அழுதவள் மாப்பிள்ளை போனதற்கு ஏன் சிரிக்கிறாள் என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் ஒரு ஜிலேபியை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தின்று முடித்த பிறகும் எனக்கு விளங்கவில்லை.