மாத்திரை போட்ட ரெண்டு பேரும் ஒரு ஜன்னல் சீட்டும்

இன்னைக்குக் காலையில கொழிஞ்சாம்பாறையில பொள்ளாச்சி பஸ் ஏறினேன். நெழல் பக்கம் பூராவும் ஆளு. வெயில் பக்கம் ஒரு ரெட்டை சீட்டு மட்டும் காலி.

கன்னத்துல மங்கு விழுந்ததுக்கு டாக்டர் வெயில் தாக்காம இருக்கறதுக்குன்னு மாத்திரை குடுத்திருக்கார். "மாத்திரை போட்டாச்சுன்னு வெயில்ல நிக்காதீங்க, கிரீமும் குடையும் கட்டாயம் வேணும்"னு சொல்லித்தான் அனுப்பினார். அதனால ஜன்னலை விட்டுட்டு நடக்கற வழிப்பக்கமா உக்காந்தேன்.

அடுத்த ஸ்டாப்புல ஒரு அக்கா ஏறினாங்க.

"அம்மிணி, ஜன்னல்கிட்டப் போய் உக்காருங்க, காத்து நல்லா வரும்."

"நீங்க பெரியவங்க, நீங்க உக்காருங்கக்கா."

"அட, பரவால்லீங்க!"

"இல்லீங்க, நீங்க!"

மரியாதை முத்திப்போய் சண்டையாகற நேரத்துலதான் அவங்க மொகத்தைப் பாத்தேன். என்ற கன்னத்துல இருக்கற அதே மங்கு.

"நீங்களும் மாத்திரைங்களா?"

சிரிச்சுட்டே பையைத் தொறந்து காட்டினாங்க. அதே மாத்திரை அட்டை.

அதுக்குள்ள பஸ் திரும்ப, வழிப்பக்க சீட்டுக்கும் வெயில் வந்துருச்சு. நானும் எந்திரிச்சுட்டேன். ரெண்டு பேரும் நெழல் பக்கமா கம்பியைப் புடிச்சு நின்னுட்டோம்.

மலையாளத்துக் கண்டக்டர் காலி சீட்டையும் எங்களையும் மாறி மாறிப் பாத்தார். "சீட்டு உண்டல்லோ சேச்சி!"

யாரும் உக்காரலை.

எறங்கும்போது அக்காகிட்டக் கேட்டேன், "மாத்திரை கேக்குதுங்களா?"

"நல்லாக் கேக்குதுங்க. இத்தனை வருசம் காட்டு வேலை செஞ்சும் வெயிலுக்குப் பயந்ததே இல்ல. மாத்திரை போட்டதுக்கப்புறம்தான் பயமே வந்திருக்குது!"

அது கெடக்கட்டும், சாயங்காலம் திரும்பி வர்ற பஸ்ல எந்தப் பக்கமுங்க நெழல்?