எட்டுப் பேருக்கு எடுங்கள் என்றவர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் கணக்கு எழுதிய கம்பெனிக்கு டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் விற்க வந்தவர் அவர். ஒல்லியான ஆள், வெயிலில் கசங்கிய டை. பதில் சொல்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பெயர் தெரியாது.

மேனேஜர் எங்கள் எதிரிலேயே கேட்டார். "ஒரே நேரத்துல அஞ்சு பேர் மட்டும் வேலை பார்க்கிற மாதிரி சின்னது ஒண்ணு இருக்காமே?"

"இங்க எட்டுப் பேர் இருக்காங்களே சார்?"

"அஞ்சு பேருக்கு வாங்கினா அஞ்சு பேர்தான் இருப்பாங்க."

பக்கத்து மேசைக்காரன் என் காதில், "மச்சான், நம்ம சீட்ட கிழிச்சிகினு கீறான்பா" என்றான்.

வந்தவர் கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"சின்னது உங்களுக்குச் சரிப்படாது சார். பில்லையும் ஸ்டாக்கையும் சேர்த்துப் போட்டா நின்னுடும். எட்டுப் பேருக்கே எடுங்க."

மேனேஜர் யோசிப்பதாகச் சொன்னார். எங்களுக்கு உயிர் வந்தது.

மறுநாள் மேனேஜர் விற்க வந்தவருடைய ஆபீசுக்கே போன் போட்டு விசாரித்தார். சின்னதே தாராளமாகப் போதும் என்றார்களாம். அதைப் பொருத்த வேறு ஆள் வந்தான். அந்த மாதமே மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நானும் அதில் ஒருவன்.

அவர் பொய் சொன்னது எங்கள் முகத்தைப் பார்த்தா, கமிஷனை நினைத்தா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கமிஷனுக்காகவே இருக்கட்டும். எங்கள் யூனியன் தலைவன் அன்று அதே அறையில்தான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் வாயே திறக்கவில்லை.