மலைக்கு முதுகு காட்டும் பெஞ்சு

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு சிமெந்துப் பெஞ்சு இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் குறை சொல்வார்கள். பின்னால் நமுனுகுலை மலை முழுசாக எழுந்து நிற்கிறது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புழுதி பறக்கும் தோட்டத்து ரோட்டைப் பார்த்து எந்தப் புத்திசாலி பெஞ்சு கட்டினான் என்று கேட்பார்கள். கட்டச் சொன்னவர் என் மாமனார். அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். உட்காரும் இடத்தின் முன்விளிம்பு தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். சாய்கிற பகுதியில் அவ்வளவு தேய்மானம் இல்லை.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்து மலையில் தோட்டத்து லயத்தை விட்டு இந்தத் தனி வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது மாமா தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்ந்திருந்தார். லயத்தில் வெளியே உட்காருவதென்றால் இஸ்தோப்புதான். வரிசையாக நிற்கும் வீடுகளுக்கு முன்னால் ஓடும் அந்த ஒடுங்கிய கூரையடியில் விறகும் கோழிக்கூடும் கொழுந்துக் கூடையும் போக மிச்சமிருந்த இடத்தில்தான் மனிதர்கள் குந்தினார்கள். புது வீட்டின் முன்னால் எங்களுக்கென்று ஒரு துண்டு நிலம் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது நான் பண்டாரவளையில் ஒரு தளபாடக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். நாள் முழுக்க ஊராருக்கு நாற்காலி விற்றுவிட்டு, வீட்டுக்கு வந்து வாசற்படியில் குந்துகிறவள் நான். இந்த முற்றத்தை விட்டுவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

முற்றம் வைப்பது பூச்செடி நடுகிற வேலை மட்டுமில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, மழைத்தண்ணீர் எங்கே ஓடும், மத்தியான வெயில் எங்கே விழும் என்று பார்க்க வேண்டும். பாதி முற்றத்துக்குத் தகரக் கூரை இறக்கினோம். தரையைச் சொரசொரப்பாகவே விடச் சொன்னேன். இந்த ஊர் மழையில் வழுவழுப்பான சிமெந்து இடுப்பை உடைக்கத்தான் உதவும். துணிக்கொடியைப் பின்பக்கம் மாற்றினேன். கொய்யா மரத்தை வெட்ட விடவில்லை. கீரை ஆய, தேத்தண்ணிக் கோப்பை வைக்க, இனிப் பிறக்கும் பிள்ளை விளையாட என்று ஒவ்வொன்றுக்கும் இடம் பார்த்தேன். பெஞ்சு மட்டும் மலையைப் பார்த்து இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதில்தான் மாமா குறுக்கே விழுந்தார்.

சாதாரணமாக எதற்கும் எதிர்த்துப் பேசாத மனிதர். அன்றைக்கு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றார். ரோட்டில் போகிற வருகிறவர்களைப் பார்த்துப் பேசத்தான் ஆசைப்படுகிறார் என்று நினைத்து, பேச ஆள் வேண்டுமானால் கூப்பிட்டு வைத்துப் பேசலாமே என்றேன்.

“அதுக்கில்லம்மா. ரோட்டுக்கு முதுகக் காட்டி உக்காந்தா, தொர ஜீப்பு வர்றது எப்புடித் தெரியும்? எந்திரிக்கணுமில்ல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்த வீடு, சொந்த வாசல், வேலையும் விட்டாயிற்று. தோட்டத்து மேனேஜரான அந்தத் துரையோ நேற்று வந்த சின்னப் பையன். யார் எழுந்தார்கள், யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கண்ணாடியை இறக்கிக்கூடப் பார்க்காதவன். இதையெல்லாம் சொன்னேன். மாமா கேட்டுக்கொண்டார். தன் அப்பா காய்ச்சலில் கிடந்தபோதும் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்றார். அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. பெஞ்சு ரோட்டைப் பார்த்தே நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் விட்டுக்கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. கடையில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று இருந்தது. உயரமான, நேரான நாற்காலியிலிருந்து யாரும் சட்டென்று எழுந்துவிடுவார்கள். தாழ்வாக, ஆழமாக, பின்பக்கம் சரிந்திருக்கும் இருக்கையில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மனமில்லாமல் கிடப்பார்கள். கொத்துவேலைக்கு வந்த மேசன் பாஸிடம் அப்படியே கட்டச் சொன்னேன். முதுகுச் சுவரை உயர்த்தச் சொன்னேன். மலையிலிருந்து இறங்கும் குளிர்காற்றையும் அது தடுக்கும் என்று மாமாவுக்குக் காரணம் சொன்னேன். இந்தப் பெஞ்சில் ஒரு தரம் சாய்ந்தால் துரை என்ன, துரையின் பாட்டனே வந்தாலும் எழ முடியாது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மாமா சாயவே இல்லை. அவ்வளவு ஆழமான பெஞ்சின் நுனியில், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் போல, முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்தார். இரண்டு வளைவுக்கு அப்பால் ஜீப் முனகும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். எழுந்து நிற்பார். ஜீப் போகும். மறுபடி நுனியில் உட்காருவார். அடுப்படி ஜன்னலிலிருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

என் மகள் பிறந்து, பால்குடி மறக்கிற வயது. ஒரு மாலை மாமாவின் நெஞ்சில் படுத்துத் தூங்கிப்போனாள். பிள்ளையின் பாரத்துக்கு அவர் மெல்லப் பின்னால் சரிந்திருந்தார். ஜீப் சத்தம் கேட்டது. அவர் தோள் நிமிர்ந்தது, பிள்ளை சிணுங்கியது, தோள் மறுபடி தணிந்தது. ஜீப் போய்விட்டது. நான் வெளியே வந்ததும், கேட்காமலே சொன்னார்: “புள்ள முழிச்சிருமேன்னுதான்.”

அன்றிலிருந்து ஜீப் வருகிற நேரத்துக்குப் பிள்ளையை வாங்கிக்கொள்வார். தூங்கினாலும் சரி, முழித்துக்கொண்டு அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாலும் சரி, மடியில் அவள் இருக்க வேண்டும். அவள் முன்பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் கீரைச் சுளகு மடிக்கு வந்தது. கீரை இல்லாத நாளில் பூனை. அந்தப் பூனை ஒரு நாள் ஜீப் வளைவில் திரும்பும்போதே குதித்து ஓடிவிட்டது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமாவின் வெறும் கைகள் ஒரு கணம் பெஞ்சின் விளிம்பைப் பற்றின. பிறகு, நிதானமாக, முதுகு சுவரில் படும்வரை பின்னால் சாய்ந்தார். ஜீப் அவரைத் தாண்டிப் போயிற்று. ஒன்றும் ஆகவில்லை.

தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதி குடித்த பிறகு சொன்னார்: “பெஞ்ச சரிவாத்தாம்மா கட்ட வச்சிருக்க. அன்னைக்கே தெரியும்.”

அதன் பிறகு ரொம்ப காலம் அவர் இருக்கவில்லை. இருந்தவரைக்கும் சாய்ந்து உட்கார்ந்தார். இப்போது என் கணவருக்கு முற்றத்தைப் புதுசாக்கும் யோசனை வந்திருக்கிறது. பெஞ்சை உடைத்துவிட்டு மலையைப் பார்த்து ஒன்று போடலாம் என்கிறார். அதுவும் நியாயம்தான், நானே ஒரு காலத்தில் ஆசைப்பட்டதுதானே. நேற்றுப் பின்னேரம் அதைப் பற்றி மகளிடம் கேட்கலாம் என்று வெளியே போனேன். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறவள், பெஞ்சில் முழுசாகச் சாய்ந்து, காலை நீட்டி, புத்தகத்தை வயிற்றில் கவிழ்த்துப் போட்டிருந்தாள். அப்போதுதான் ஜீப் வீட்டைக் கடந்து போயிருந்தது; கிளப்பிய புழுதிகூட இன்னும் அடங்கவில்லை. என்ன கேட்க வந்தேன் என்பதை மறந்து, “ஜீப்பு போயிருச்சா?” என்றேன்.

அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்: “எந்த ஜீப்பும்மா?”