கடைசிப் பாட்டும் பக்கத்து வீட்டு மிக்சியும்

எனக்குக் காது கூர்மை. இதை நானே சொல்லிக்கொள்ள வெட்கப்படுவதில்லை. வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லையே!

தங்கச் சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டனில் எங்களுடையது, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு. மேலே தகரக் கூரை. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். பெங்களூருக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வந்து, ஆசைப்பட்டு உசத்தியான ரெக்கார்டு பிளேயர் ஒன்று வாங்கினேன். "ஷீட் வீட்டுக்கு இது தேவையா?" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்கு என்ன குறைச்சல்?

குறை பிளேயரில்தான் இருந்தது. எந்த ரெக்கார்டு போட்டாலும் கடைசிப் பாட்டு மட்டும் கரகரக்கும். ஊசியை மாற்றியும் பயனில்லை. ஊசியைத் தாங்கிப் போகும் டோன் ஆர்மின் கழுத்தில் லேசான ஆட்டம் இருப்பதாக எனக்குப் பட்டது. என் கணவர் ஆண்டர்சன்பேட்டையில் செல்போன் கடை வைத்திருப்பவர், மெஷின் என்றால் தனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு உண்டு. "ரெக்கார்டு பழசு, அதான் இரையுது. உனக்கு எல்லாத்துலயும் ஒரு சந்தேகம்" என்று முடித்துவிட்டார்.

பக்கத்து வீட்டு அக்காவோ, கடைசிப் பாட்டு தொடங்கியதும் சொல்லிவைத்தாற்போல மிக்சியைப் போடுவார். பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டே விட்டேன்.

"இன்னாம்மா பண்றது? சட்னி அரைக்கணுமே. நல்ல பாட்டுல அரைச்சா உனக்குக் கஷ்டமா இருக்கும். அது எப்படியும் கரகரன்னுதானே பாடுது, அப்ப அரைச்சுக்கறேன்" என்றார். எனக்காகப் பார்த்துத்தான் செய்கிறார் என்று தெரிந்த பிறகு எப்படிச் சண்டை போடுவது?

டோன் ஆர்மை மாற்றியே தீருவது என்று கணவரையும் இழுத்துக்கொண்டு பெங்களூர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அவரைப் பார்த்தே பேசினார். "சார், இந்த சவுண்ட் ஸ்வல்ப கேளுங்க சார்" என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லி, பளபளவென்று வளைந்த ஆர்ம் ஒன்றில் முதல் பாட்டைப் போட்டார். அறையே அதிர்ந்தது. கணவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கடைசிப் பாட்டைப் போடுங்க" என்றேன்.

அரைமனதோடு போட்டார். 'ச' வருகிற இடமெல்லாம் சீறியது. மூலையில் கறுப்பாக, நேராக, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இன்னொரு ஆர்ம் இருந்தது. அதே ரெக்கார்டை, அதே மாதிரி ஊசியோடு அதில் போடச் சொன்னேன். சத்தம் அடக்கம்தான். ஆனால் கடைசிப் பாட்டில் பாடகியின் குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. இதுதான் வேண்டும் என்றேன்.

"யோசிங்க மேடம். மாத்தறதுக்குத் திரும்பி வருவீங்க" என்றார் கடைக்காரர். ரயிலில் வரும்போது கணவரும் அந்தப் பளபளப்பான ஆர்மைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நான் வாங்கிய கறுப்பு ஆர்மை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தவறிப்போனால் இனி இந்த வீட்டில் என் காதை யார் மதிப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆர்மை நானே பொருத்தி, ஊசியின் கோணத்தைச் சரிபார்த்து, பழைய ரெக்கார்டு ஒன்றைச் சுழலவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் வேண்டுமென்றே எதுவும் சொல்லவில்லை.

"முதல் பாட்டு எப்பவும் நல்லாதானே இருக்கும்" என்று காபியை உறிஞ்சினார் கணவர்.

கடைசிப் பாட்டு தொடங்கியது. இருவரும் சுவரையே பார்த்தோம். மிக்சி சத்தம் இல்லை. பல்லவி முடிந்து சரணமும் வந்துவிட்டது. அப்போதும் இல்லை.

"அவங்க வீட்ல கரண்ட் போயிருக்கும்" என்றார் மெதுவாக.

சுற்றிக்கொண்டிருந்த பிளேயரைக் காட்டினேன். இரண்டு வீட்டுக்கும் கரண்ட் ஒரே லைனில்தான் வருகிறது.

பாட்டு முடிந்ததும் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "இன்னாம்மா, புது ரெக்கார்டா?"

"பழசுதான்க்கா!" என்று கத்தினேன். பெருமையில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"அப்படியா? அந்தக் கடைசிப் பாட்டை இன்னொரு வாட்டி போடேன். சட்னிக்கு இன்னா அவசரம்?"

நான் எழுந்திருப்பதற்குள் கணவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய், கறுப்பு ஆர்மைப் பதமாகத் தூக்கிக் கடைசிப் பாட்டில் வைத்தார்.

அன்று பக்கத்து வீட்டில் இட்லி ஆறிப்போனது.