திரும்பி வந்த மடல்கள்

ரிங்கிட்டின் மதிப்பு சரிந்த வருடம், செங் வட்டாரத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு தொடங்கியது. முதலில் கைவைத்தது எங்கள் பயிற்சிப் பிரிவில்தான். புதிதாக ஆள் எடுக்காத இடத்தில் பயிற்சி கொடுப்பவன் எதற்கு?

புக்கிட் பெருவாங்கில் வாடகை வீடு. மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. என்னிடம் இருந்தது, புது ஆட்களை எடுக்கப் பல வருடம் இண்டர்வியூ நடத்திய அனுபவம் மட்டும். வேலை இழந்தவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசி, அடுத்த இண்டர்வியூவுக்குத் தயார்செய்து, அதையே பிழைப்பாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஆட்களைத் தேட மின்னஞ்சலில் வாராவாரம் ஒரு மடல் அனுப்பினேன். சைபர் கஃபேயில் உட்கார்ந்து, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவேன். வேலை விண்ணப்பத்தில் எதை முதலில் எழுதுவது, கேள்வி புரியாவிட்டால் எப்படித் திருப்பிக் கேட்பது, இப்படி வாரம் ஒரு விஷயம். பழைய சகாக்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று வாசகர்கள் பெருகினார்கள். கடைசி வரியில், தனியாகப் பேச விரும்பினால் எழுதுங்கள் என்று கேட்டிருப்பேன். "ரொம்ப நல்லா இருக்குண்ணே, விடாம அனுப்புங்க" என்று பதில் வரும். பேச யாரும் வரவில்லை.

பிறகு கேட்கும் விதத்தை மாற்றினேன். "இண்டர்வியூவில் உங்களுக்குப் பயமான கேள்வி எது?" என்று மட்டும் கேட்டேன். அதற்குச் சிலர் மனம்விட்டு எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டேன். அவர்களில் ஒருவர், செங்கில் வேறொரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, படித்து, குடும்பத்தில் முதன்முதலாக மேசை வேலைக்கு வந்தவர். அவரும் நானும் வாரந்தோறும் எழுதிக்கொண்டோம். தஞ்சோங் கிளிங்கில், கடற்கரைச் சாலைக்குப் பின்னால் கோயிலை ஒட்டிய வரிசையில் தன் வீடு என்று ஒருமுறை எழுதியிருந்தார். நேரில் பேசலாமா என்று கேட்டேன். "தீபாவளி முடியட்டும்ணே" என்றார்.

தீபாவளி முடிந்து அனுப்பிய மடல், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. அந்த வாரம் இன்னும் சிலருக்கு அனுப்பியதும் திரும்பி வந்தது. எல்லாம் அலுவலக முகவரிகள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலை போன அன்றே மின்னஞ்சலும் போய்விடுகிறது. என் உதவி யாருக்கு எப்போது தேவையோ, அப்போது அவர் என் கைக்கு எட்டாமல் போய்விடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தஞ்சோங் கிளிங் போய், கோயில் பக்கம் விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். ஒரு ஹோட்டலின் பெயர் போட்ட சட்டையோடு வாசலில் நின்றார். அங்கே செடிகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்ட வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

"மெயில் எழுதுற அண்ணன் வந்திருக்காரு, காப்பித் தண்ணி கலக்கு" என்று மனைவியிடம் சொன்னார். எனக்கு நாற்காலி போட்டார். இண்டர்வியூவுக்குத் தயார்செய்யும் என் யோசனையைச் சொன்னேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. உங்க மெயிலு, வேலை இருக்கறப்ப படிக்க நல்லா இருந்துச்சு லா."

"ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்க. எனக்கு ஒண்ணும் தரவேணாம்."

அவர் மனைவி காப்பியை வைத்துவிட்டு, "அண்ணன் சொல்றதக் கேட்டுத்தான் பாருங்களேன்" என்றார்.

நான் மேலாளர் போல நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தின வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"நான் விடலண்ணே. அவங்கதான் விட்டாங்க."

"அப்படிச் சொல்லாதீங்க. பிரிவையே மூடிட்டாங்கன்னு சொல்லுங்க. அங்க என்னென்ன வேலை பார்த்தீங்கன்னு அடுத்த வார்த்தையிலயே ஆரம்பிச்சிடுங்க."

திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் போனேன். குரலில் இருந்த நடுக்கம் குறைந்தது. கடைசியில், ஆயர் குரோவில் ஒரு கிடங்கில் ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்து அனுப்பிவைத்தேன்.

அன்று சாயங்காலம் பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டார்.

"நீங்க சொன்ன மாதிரியே சொன்னேண்ணே. நல்லா பேசுறீங்கன்னு சொன்னாங்க. ஆனா இப்போதைக்கு ஆள் எடுக்கலயாம், பேரு மட்டும் வாங்கி வைக்கிறாங்களாம்."

"வேற இடம் பார்ப்போம்."

"ஹோட்டல்ல லீவு போட்டுட்டுப் போனேண்ணே. இனிமே முடியாது. நீங்களும் உங்களுக்கு ஒரு வேலை பாத்துக்குங்க."

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். எத்தனை இடத்தில் நான் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிறேன் என்பதை அவரிடம் சொன்னதே இல்லை.

மடல்கள் இன்னும் சில வாரம் போயின. போனதில் பாதி திரும்பியது. புதுவருடம் பிறந்ததும் ஒரு லாரி கம்பெனியில் இரவுக் காவலுக்குச் சேர்ந்தேன். அங்கே என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அடையாள அட்டையை மட்டும் பார்த்தார்கள். அந்த வாரம் மடல் எழுதவில்லை. பிறகு ஒருநாள் சைபர் கஃபேக்குப் போய் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். மடல் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்டிருக்கவில்லை.